ஏழு வீட்டு விளக்கும் நாலாம் அத்தியாயமும்

கண்டி
2025 ஜனவரி 11

அன்பான துசி அக்கா,

சுகம் கேட்டுத் தொடங்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் உங்கள் போனில் என் இலக்கத்தை மறித்து இன்றோடு பதினாறு நாள். கோபம் ஆறட்டும் என்று பேசாமல் இருந்தேன். நேற்றுப் பதிவுத் தபாலில் உங்கள் படிவம் வந்தது. ‘இந்த ஆய்விலிருந்து விலகுகிறேன்’ என்ற பெட்டிக்குள் சரி போட்டு, கீழே துஷாந்தினி என்று முத்துமுத்தாகக் கையெழுத்து. காரணம் எழுதும் இடத்தில் ஒரு சொல்லும் இல்லை.

காரணம் சொல்லாமலே விலகலாம் என்று, நான் தங்கியிருந்த பெரியம்மா வீட்டுக் குசினியில் வைத்து உங்களுக்கு வாசித்துக் காட்டியவளே நான்தான். “நான் சொன்ன சொல் மாறமாட்டன், பேனையைத் தாரும்” என்று நான் வாசித்து முடிக்கும் முன்பே கையெழுத்து வைத்தீர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. சொல் மாறாத ஆள் மாறினால் பிழை என் பக்கம்தான் இருக்கும். ஆனால் என்ன பிழை என்று தெரியவில்லை.

இந்த முதுமாணிப் பட்டம் பரீட்சை எழுதி எடுப்பதல்ல என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். முன்மொழிவு எழுதினேன், நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினேன், இறுப்பிட்டியில் ஆறு மாதம் இருந்தேன், டிசம்பரில் பொதுக் கருத்தரங்கில் பேசினேன். இனி மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கையளித்து, மூன்று பேர் முன்னால் இருந்து அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகளை ஊரில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் முழு ஆய்வும். அதில் நாலாம் அத்தியாயம் முழுக்க நீங்கள். பெரியம்மா வீட்டோடு சேர்த்து நீங்கள் பார்க்கிற ஏழு வீடு, வீட்டுக்காரருக்குப் படம் பிடித்து அனுப்புகிற வெள்ளிக்கிழமை விளக்கு, எல்லாம். அது இல்லாவிட்டால் ஆய்வேடு ஒப்பேறாது.

உங்களை யாரும் கண்டுபிடிக்க முடியாது அக்கா. இந்தக் காலத்தில் ஒருவருக்கும் இருக்காது என்று நினைத்து, மீனாம்பிகை என்ற பழைய பெயரை உங்களுக்கு வைத்தேன். வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

கம்சிகா

*

இறுப்பிட்டி
20.01.2025

கம்சிகா அறிவது,

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, முழங்கால் வீக்கமும் வற்றிவிட்டது. உம்மோடு போனில் கதைத்தால் வாயில் வரக்கூடாதது வரும் என்றுதான் மறித்து வைத்தேன். எழுதினால் ஆறுதலாக வரும்.

இணையத்தில் கிடக்கிற உமது கருத்தரங்குப் பேச்சில் நாலு நிமிஷத்தை யாரோ வெட்டி எங்கள் ஊர்ச் சங்கத்து வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ எல்லா இடமும் போய்விட்டது. மாற்றின பெயர் என்று நீர் முதலிலேயே சொன்னீராம். வெட்டினவர் அதை விட்டுவிட்டார். ‘மீனாம்பிகை என்ற பெண் ஒரே வீட்டில் ஏழு விளக்கு ஏற்றி, ஏழு வீட்டிலும் ஏற்றியதாகப் படம் பிடித்து அனுப்பினார்’ என்கிற இடம் மட்டும் அதில் இருக்கிறது.

பேபி அக்காவைத் தெரியும்தானே? கோயிலடியில் இருக்கிறவ. மூன்று வீட்டுத் திறப்புக் கொத்தும் அவ கையில் இருந்தது. மூன்று வீட்டுக்காரரும் ஒரே கிழமையில் ஆளை அனுப்பித் திறப்பைப் பறித்துவிட்டார்கள். ஏன் தெரியுமா? பேபி அக்காவின் அடையாள அட்டைப் பெயர் மீனாம்பிகை. ஊரில் ஒரு குஞ்சுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. காசு அனுப்புகிற வெளிநாட்டுக்காரருக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் வங்கியில் பேபி செல்லாது. பெயரைக் கேட்டதும் மூன்று வீடா ஏழு வீடா என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

பதினெட்டு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமையும் விடாமல் மூன்று வீட்டிலும் விளக்கு வைத்த மனுசி. இப்போது என்னிடம் வந்து, “நான் என்ன செய்தனான் பிள்ளை, நீயாவது சொல்லு” என்று கேட்டு அழுகிறா. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீர் அந்த வீட்டில் ஒடியல் கூழ் குடித்தீர். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தீர். ஆறு மாதம் ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த ஆள், கூழ் ஊற்றின மனுசியின் பெயரை ஒருக்கால் கேட்டீரா?

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது. எனக்கென்று தமிழில் எழுதி அனுப்பின அத்தியாயத்தில், ‘அவர் விளக்கை ஏற்றினார், படம் பிடித்தார், அனுப்பினார்’ என்று எழுதியிருக்கிறீர். காய்ச்சலில் நான் எழும்ப ஏலாமல் கிடந்த மூன்று கிழமையும் உமக்கு மறந்துபோய்விட்டதா? என் மனுசன் கட்டாரில், பார்க்க ஆளில்லை என்று நீர்தான் என்னைத் தாங்கிக்கொண்டுபோய் உமது பெரியம்மாவின் கட்டிலில் படுக்க வைத்தீர். மற்ற வீட்டுத் திறப்புகளைத் தாருங்கள், நான் போய் விளக்கு வைக்கிறேன் என்று கேட்டீர். திறப்பு கைமாறக் கூடாது என்பது நான் கொடுத்த வாக்கு, அதனால் தரவில்லை. அதற்குப் பிறகு, வேறு வேறு வீடு மாதிரித் தெரியட்டும் என்று பிள்ளையார் படத்தை எடுத்துவிட்டு முருகன் படத்தை வைத்தது ஆர்? பின்னால் சிவப்புச் சீலையைக் கட்டியது ஆர்? போனைப் பிடித்தது ஆர்?

பொய் இரண்டு பேருக்கும் சொந்தம். எழுதும்போது மட்டும் நீர் எங்கே போனீர்?

துஷாந்தினி

*

கண்டி
2025 ஜனவரி 27

துசி அக்கா,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது தபாலில் போட வேண்டும்.

பேச்சை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, எல்லார் போனிலும் கிடக்கிறது. பேபி அக்காவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான் பெயர் கேட்கவில்லை. எல்லாரும் பேபி என்றார்கள், நானும் குறிப்புப் புத்தகத்தில் பேபி என்று எழுதிவிட்டுக் கூழைக் குடித்தேன்.

போனைப் பிடித்தது நான். முதல் வரைவில் ‘நாங்கள் படம் பிடித்தோம்’ என்றுதான் எழுதியிருந்தேன். பிறகு ‘அவர்’ என்று மாற்றினேன். மேற்பார்வையாளர் மாற்றச் சொல்லவில்லை, அவருக்கு இது தெரியவே தெரியாது. நானாகத்தான் மாற்றினேன். ஆய்வு செய்ய வந்தவள் பொய்க்குக் கை கொடுத்தாள் என்று தெரிந்தால் நெறிமுறைக் குழு ஆறு மாதக் களவேலையையும் தள்ளிவிடலாம். அப்பா பதுளைக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “மகள் மார்ச்சில முடிச்சிடுவாள்” என்று சொல்லி வைத்திருக்கிறார்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். மார்ச் முடியட்டும் அக்கா. நாலாம் அத்தியாயத்துக்கு மட்டும் திரும்பக் கையெழுத்து வைத்துத் தாருங்கள். பட்டம் கைக்கு வந்த அடுத்த நாளே மூன்று வீட்டுக்காரருக்கும் நானே எழுதி, பேபி அக்காவில் பிழையில்லை என்று சொல்கிறேன். இரண்டு மாதம்தானே. அதுவரை அவவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள்.

கம்சிகா

*

இறுப்பிட்டி
03.02.2025

கம்சிகா அறிவது,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. வாசித்துவிட்டு நேரே பேபி அக்கா வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் பனங்கிழங்கு காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு இருந்தா. நின்றபடியே சொன்னேன்.

“அக்கா, அந்த ஏழு விளக்கு ஏத்தினது நான். மீனாம்பிகை எண்டு அதில சொல்லுறதும் என்னைத்தான்.”

“நீ ஏன் என்ர பேரை வச்சனி?”

“நான் வைக்கேல்லை, கம்சிகா வச்சவ. ஆருக்கும் இல்லாத பேர் எண்டு நினைச்சு வச்சவ.”

“ஆருக்கும் இல்லாத பேரோ! அறுபத்திரண்டு வருசமா எனக்கு இருக்கு. ஒருதரும் கூப்பிடாட்டி இல்லையெண்டு போடுமோ?”

பிறகு ஏச்சு. வேலியால் அயல் முழுக்க எட்டிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், வேறென்ன செய்ய? ஏசிக் களைத்த பிறகு, “வந்தனி தண்ணியாவது குடிச்சிட்டுப் போ” என்றா. அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று பின்னேரமே என் ஏழு வீட்டுக்காரருக்கும் அவவின் மூன்று வீட்டுக்காரருக்கும் குரல் பதிந்து அனுப்பினேன். மீனாம்பிகை நான்தான், ஏழில் ஒரு விளக்கு மெய், ஆறு பொய், ஒருவரும் துணையில்லை, தனியத்தான் செய்தேன் என்று சொன்னேன். உமது பெயரை எடுக்கவில்லை. படிக்கிற பிள்ளை, உமது படிப்பு என் வாயால் கெட வேண்டாம்.

நீர் கடிதத்தோடு அனுப்பின புதுப் படிவத்தில் கையெழுத்து வைத்து இதோடு அனுப்புகிறேன். அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளும். உம்மில் கோபம் போகவில்லை. இரண்டு மாதம்தானே என்று நீர் எழுதின வரி எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் காய்ச்சலில் எனக்குக் கஞ்சி பருக்கினது உமது கை, அதையும் நான் மறக்கவில்லை.

லண்டன்காரர் அடுத்த நாளே திறப்பைக் கேட்டுவிட்டார். கொடுத்துவிட்டேன்.

துஷாந்தினி

*

கண்டி
2025 பெப்ரவரி 5

துசி அக்கா,

போன கடிதத்தைத் தபாலில் போட்ட நாளில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை. இரண்டு மாதம்தானே என்று எழுதினேன். பேபி அக்காவுக்கு அது எட்டு வெள்ளிக்கிழமை. தயவு செய்து அந்தக் கடிதத்தைக் கிழித்து எறியுங்கள்.

இன்று காலை மேற்பார்வையாளரிடம் போய், போனைப் பிடித்தது நான், படத்தை மாற்றியது நான், பிறகு என்னை அழித்துவிட்டு எழுதியதும் நான் என்று சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “முதலே சொல்லியிருக்கலாமே கம்சிகா” என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அவர்கள் விசாரித்து முடிக்கும்வரை ஆய்வேட்டைக் கையளிக்க முடியாது. மார்ச் 31 போனதுதான். உதவித்தொகையும் மார்ச்சோடு நிற்கும்.

நாலாம் அத்தியாயத்தைக் கழற்றிவிட்டேன். நீங்கள் விலகிய பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேரம் பேசியது பிழை.

பாரிஸில் இருக்கிற பெரியம்மாவிடமும் போனில் பேசினேன். அந்த விளக்குகளுக்கு நான்தான் பொறுப்பு, துசி அக்கா காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தா, அவவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். மற்ற வீட்டுக்காரருக்கும் அப்படியே சொல்லச் சொன்னேன். பேபி அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

கம்சிகா

*

இறுப்பிட்டி
14.02.2025

என் அன்புக் கம்சிகாவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் நல்ல கூத்துத்தான் ஆடியிருக்கிறோம். என் கடிதம் கண்டிக்குப் போக, உமது கடிதம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரே கிழமையில் இரண்டு வாக்குமூலம் கிடைத்திருக்கிறது. ஒன்று என் குரலில், நான் தனியத்தான் செய்தேன் என்று. மற்றது உமது பெரியம்மா வாயால், துசிக்கு ஒன்றும் தெரியாது என்று. அவைக்குத் தலை சுற்றியிருக்கும்.

உமது பெரியம்மா சறோஜினிதேவி அன்ரி ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் இருந்து போன் எடுத்தா.

“என்னடி இது? அவள் தான்தான் எண்டு அழுகிறாள். நீ தனியச் செய்தனான் எண்டு சொல்லுறாய். பொய் சொன்னதை ஒத்துக்கொள்ளுறதிலயும் பொய்யோ?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் அன்ரி.”

“அது எனக்கு அப்பவே தெரியும். லண்டன்காரர் எனக்குக் காட்டின படத்தில, விளக்குக்குப் பின்னால தொங்கினது என்ர கூறைச்சீலையெல்லோ!”

ஏழு மாதமாகத் தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறா. ஏன் கேட்கவில்லை அன்ரி என்றேன். கேட்டால் நீ வேலையை விட்டுவிடுவாய், பிறகு என் வீட்டுக் கதவை ஆர் திறக்கிறது என்றா. அதோடு, “என்ர கட்டிலில ஒரு மனிசர் படுத்தெழும்பினதுதான் எனக்குச் சந்தோசம்” என்றும் சொன்னா. இதை உம்மிடம் சொல்லச் சொன்னா.

ஊர் நிலைமையையும் கேளும். என் ஏழில் லண்டன் வீடும் குறிகட்டுவான் றோட்டு வீடும் போய்விட்டன, ஐந்து இருக்கிறது. பேபி அக்காவுக்கு இரண்டு திறப்புத் திரும்பி வந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு முன்னால் போகும்போது அவ மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறா. இது ஆறுமென்று நான் நினைக்கவில்லை.

ஆனால் மார்ச் போனதுதான் என்று நீர் எழுதின இடத்தை வாசித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. எனக்காக உமது படிப்பை ஏன் விட்டீர்? நான் வேண்டாமென்று விலகினேன்தான், உம்மை நாசமாகப் போகச் சொல்லவில்லையே. அந்தக் குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டா? என்ன பெயருக்கு எழுத வேண்டும் என்று உடனே அறியத்தாரும். போனில் உமது இலக்கத்தைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதும். போனில் நீர் இவ்வளவு உண்மை கதைக்கிறதில்லை.

துசி அக்கா

*

பதுளை
2025 ஜூன் 2

அன்பான துசி அக்கா,

குழுவின் முடிவு வந்துவிட்டது. நீங்கள் எழுதிய கடிதத்தை அவர்கள் இரண்டு தரம் வாசித்ததாக மேற்பார்வையாளர் சொன்னார். களவேலையைத் தள்ளவில்லை. ஒரு அரையாண்டு பிந்துகிறது. செய்ததை முழுவதும் ஆய்வேட்டில் எழுத வேண்டும், பெயர் வைத்ததில் விட்ட பிழையையும் எழுத வேண்டும். நாலாம் அத்தியாயத்தைச் சேர்ப்பதானால் நீங்களும் பேபி அக்காவும் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்துப் புதிதாகச் சம்மதிக்க வேண்டும். முந்திய கையெழுத்துகள் ஒன்றும் செல்லாது.

உதவித்தொகை நின்றதால் அப்பாவின் கடையில் நிற்கிறேன். முதல் கிழமை அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் கடை பூட்டும்போது, “அந்த மனுசிக்குத் திறப்புத் திரும்பக் கிடைச்சிட்டுதோ?” என்று கேட்டார். இரண்டு கிடைத்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேசுகிறார்.

திருத்திய அத்தியாயமும் இரண்டு புதுப் படிவமும் இதற்குள் இருக்கின்றன. பேபி அக்காவுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஜூன் முடிவதற்குள் பதில் வேண்டும். கையெழுத்து வைக்காவிட்டால் மூன்று அத்தியாயத்தோடு கொடுப்பேன், தேறுமோ தெரியாது. அதற்காக என்னில் பாவம் பார்த்து வைக்க வேண்டாம். விருப்பமில்லையென்றால் படிவத்தை அடுப்பில் போடுங்கள், நான் ஒரு நாளும் ஏனென்று கேட்க மாட்டேன்.

கம்சிகா

*

இறுப்பிட்டி
13.06.2025

என் அன்புக் கம்சிகாவுக்கு,

புதன்கிழமை பேபி அக்காவைக் கதிரையில் இருத்திவைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கூழ் குடித்த இடம் வந்தபோது சிரித்தா. தன் பெயர் வந்த இடத்தில், “அவளும் பாவம்தான்” என்று உம்மைச் சொன்னா. பெயர் மாற்ற வேண்டுமா என்று படிவத்தில் கேட்டிருக்கிறது. “பேபி எண்டே போடட்டும், மீனாம்பிகை பட்ட பாடு காணும்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா. என் பெயரையும் மாற்ற வேண்டாம். துஷாந்தினி என்றே போடும்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. ‘தொலைவில் இருப்பவர்களின் மனநிறைவுக்காகச் செய்த மாற்று ஏற்பாடு’ என்று எழுதியிருக்கிறீர். அது பொய், கம்சிகா. பொய் என்றே எழுதும். திறப்பு கைமாறாது என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் பொய் சொன்னேன். என்னை அந்த நிலையில் கைவிட மனமில்லாமல் நீர் பொய் சொன்னீர். இதை எழுத எதற்குப் பெரிய சொல்? உமது குழுவில் இருக்கிறவர்களும் யாருக்காவது ஒருக்கால் இப்படிச் செய்திருப்பார்கள், அவர்களுக்கு விளங்கும்.

அந்தச் சொல்லை மாற்றினால் என் கையெழுத்துச் செல்லும். மாற்றுவீர் என்று தெரியும், அதனால் முதலே வைத்துவிட்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி புதிதாக இருந்தது. முந்தின படிவத்தில் அது இல்லை, உம்மால்தான் சேர்த்திருப்பார்கள். ஆய்வாளருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டு மூன்று பெட்டி போட்டிருந்தது. உறவினர், அயலவர், ஒன்றுமில்லை. பேபி அக்கா அயலவருக்குச் சரி போட்டா. நான் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். உமக்கும் எனக்கும் ஒரு சொட்டு இரத்த உறவும் இல்லை. இனியும் பொய் எழுதக் கூடாது என்று இப்போதுதான் உமக்குப் புத்தி சொல்லியும் இருக்கிறேன்.

பிறகு உறவினர் என்ற பெட்டிக்குச் சரி போட்டு, பக்கத்தில் தங்கச்சி என்று எழுதினேன். குழு கேள்வி கேட்டால் இங்கே வந்து என்னிடம் கேட்கட்டும். சோறும் போட்டுச் சொல்லுவேன்.

உமது அக்கா
துசி